வரவேற்ற பன்னீர்ச் செம்பு

திவாலான நிதி நிறுவனத்தின் கதவில் அரசாங்கப் பூட்டு தொங்கியது. உள்ளே வரவேற்பு மேஜையில் இருந்த பன்னீர்ச் செம்பு அதனிடம் மெல்லக் கேட்டது: "அண்ணே, உங்களை இங்கே மாட்டின அதிகாரி என்னவெல்லாம் செய்யலாம்?"

"முதலாளியோட வீடு, கார், மனைவி பேர்ல வாங்கின தோப்பு எல்லாத்தையும் ஜப்தி பண்ணலாம். ஏலம் விட்டு, பணம் போட்டவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம்."

"வந்த ஒவ்வொருத்தர் மேலயும் பன்னீர் தெளிச்சு உள்ளே கூப்பிட்டேனே, என்னை?"

"உன்னைத் தண்டிக்கச் சட்டத்துல இடமில்லை. நீயும் ஏலத்துல ஒரு சாமான், அவ்வளவுதான்."

ஏலத்தன்று ஊழியர் செம்பை வெளியே தூக்கி வந்தார். வாசலில் பணம் போட்டவர்கள் காத்து நின்றார்கள். செம்பு பக்கத்தில் வந்ததும், இட்லிக் கடை மரகதம் பழைய பழக்கத்தில் தலையைக் குனிந்தாள்.

உள்ளே மிஞ்சியிருந்த சொட்டு விழுந்துவிடாமல் செம்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டது.