அட்டெனலாலா, மெட்டோப்ரோலாலா?

அசோக்குமாரின் முன்பல் ஒன்று பறந்துபோய், முன்னால் நின்றவரின் சட்டைப்பையில் பத்திரமாக இறங்கியது. அலங்காநல்லூரே மூச்சை நிறுத்தியது. வாடிவாசலுக்குப் பின்னால் நின்ற காளைகள்கூட அசைபோடுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

“என் மாத்திரையப் பத்தி இன்னொருக்கா சொல்லு மாப்ள! சொல்லிப் பாரு!” ராஜபாண்டி தன் மச்சினனின் கழுத்தைப் பிடித்துத் தென்னங்கன்றைப் பிடுங்குவதுபோல மேலே தூக்கினான்.

“சொல்லத்தான் செய்வேன் மச்சான்! நீ போடுற அட்டெனலால் கெழட்டு மாத்திரை. நான் போடுற மெட்டோப்ரோலால்தான் ராசா. பிரஷரை அமுக்கிப் பொட்டியில போட்டுப் பூட்டிரும்.”

அடுத்த குத்து மூக்கில் விழுந்தது. ரத்தம் வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி பாய்ந்தது. வரிசையில் நின்ற மாடுபிடி வீரர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

ராஜபாண்டிக்கு ரத்தக்கொதிப்பு. களத்தில் இறங்குமுன் டாக்டர் பிரஷர் பார்ப்பார். கூடியிருந்தால் சீருடை கிடையாது, வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். அதற்காகவே அவன் பொங்கலுக்கு வெகுநாள் முன்பிருந்தே உப்பில்லாத கஞ்சியும் மாத்திரையுமாகத் தவம் கிடந்தான்.

“இந்த மாத்திரை போடுறவனுக்கு மாடு குத்தி ரத்தம் போனா, நெஞ்சு வேகமா அடிச்சு ஈடு கொடுக்காதுப்பா. ஆளே போயிருவ” என்று அவன் வழக்கமாகப் பார்க்கும் ஆனையூர் டாக்டர் எச்சரித்திருந்தார். பெண்டாட்டி பாண்டீஸ்வரி காலைப் பிடித்துக் கதறினாள். ராஜபாண்டி மசியவில்லை.

அவள் தம்பி அசோக்குமார்தான், “ஆம்பளைன்னா எறங்கணும்க்கா” என்று மச்சானுக்கு வக்காலத்து வாங்கினான். பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தியவனும் அவனே. அப்படிப்பட்டவனுக்குத்தான் இந்தப் பூசை.

“விடுங்கப்பா, மாமன் மச்சானுக்குள்ள என்னப்பா சண்டை?” வரிசையில் நின்ற பேயாண்டி குறுக்கே பாய்ந்தான். அவனுக்கும் காதோடு ஒன்று கிடைத்தது. அந்தச் சத்தம் திருவாதவூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒருவழியாக நாலைந்து பேர் ராஜபாண்டியை அமுக்கி உட்கார வைத்தார்கள். பேயாண்டி தண்ணீரை அவன் தலையில் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ராஜபாண்டி மூச்சை இழுத்து விட்டான். கண்ணின் சிவப்பு தணியத் தொடங்கியது.

அசோக்குமார் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் மேசையை எட்டிப் பார்த்தான். மச்சானுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆள்தான். இவ்வளவு நேரமும் ஓர் அடிகூடத் திருப்பிக் கொடுக்காத அவன், வாயை மட்டும் மறுபடி திறந்தான்.

“மச்சான், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அட்டெனலால் மூளைக்குள்ள அவ்வளவா போகாதாம்.”

“அதனால என்னடா? ராத்திரி கெட்ட கனவு வராது. நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா உனக்கு எந்த மாத்திரை போட்டாலும் ஒண்ணுதான் மச்சான். போறதுக்கு அங்க ஏதாச்சும் இருக்கணும்ல?”

அமுக்கிப் பிடித்திருந்தவர்கள் நாலு பக்கமும் உமியாகச் சிதறினார்கள். ராஜபாண்டி பக்கத்தில் கிடந்த பெஞ்சைத் தூக்கி அடித்தான், பெஞ்சு விறகானது. அசோக்குமார் தடுப்புக் கட்டையோடு கட்டையாக மல்லாந்தான். அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து ராஜபாண்டி மாவு பிசைவதுபோலப் பிசைந்தான்.

“ராஜபாண்டி யாருங்க? சீக்கிரம் வாங்க!” நர்ஸ் கூப்பிட்டாள்.

எழுந்த வேகத்தில் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். டாக்டரம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மீட்டரைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“நூத்தித் தொண்ணூறு. கெளம்புங்க தம்பி.”

“அம்மா, தாயி, அந்தப் பயலாலதான்! நீங்களே சொல்லுங்க, அட்டெனலால் பெருசா, மெட்டோப்ரோலால் பெருசா?”

“ரெண்டும் ஒரே வம்சம்தான். ஒண்ணு கிட்னி வழியா வெளியேறும், இன்னொண்ணை ஈரல் கரைக்கும். கிட்னிக் கோளாறு, இருதயக் கோளாறு எல்லாம் பாத்துத்தான் யாருக்கு எதுன்னு முடிவு பண்ணுவோம். எதைப் போட்டாலும் இந்த அடிதடிக்கு நிக்காது. அடுத்த ஆள் வாங்க!”

ராஜபாண்டி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தான். மாட்டின் முன்னால் கலங்காத மனுசன் கேவிக் கேவி அழுதான்.

ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் கிடந்த அசோக்குமார், வீங்கிய ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். போனை எடுத்துக் காதில் வைத்தான்.

“அக்கா, நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டேன். மச்சானைக் கழிச்சுட்டாங்க, அழாத.”