பளபளத்த வளையம்

மேசையில் மறுபடி வெடிமருந்து நிரப்பக் காத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்கூடுகளில் ஒன்றுக்கு ஏகப்பட்ட பெருமை. பலமுறை வெடித்துத் திரும்பியதில் அதன் அடிப்பக்கத்தைச் சுற்றிப் பளபளப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது.

"பார்த்தீர்களா அண்ணே, எனக்கு அரைஞாண் கட்டியிருக்கிறார்கள்!" என்றது, கூடுகளைச் சோதிக்க வந்த, நுனி வளைந்த கம்பியிடம்.

"கொஞ்சம் ஆடாமல் இரு தம்பி" என்று கம்பி உள்ளே இறங்கி, பித்தளைச் சுவரைத் தடவிக்கொண்டே ஏறியது. வளையத்துக்கு நேராக அதன் நுனி சட்டென்று மாட்டிக்கொண்டது.

"உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் நீ நீண்டு நீண்டு, இந்த இடம் வெங்காயச் சருகாகிவிட்டது. இன்னொரு வெடி வெடித்தால் இரண்டாகப் பிய்ந்துபோவாய். நெருப்பு, சுடுகிறவர் முகத்தில் பாயும்."

கூடு கேட்டது: "போன தடவை அந்த இடியை இந்தச் சருகா தாங்கியது?"

"தாங்கியிருக்கிறதே! எனக்கே மெய் சிலிர்க்கிறது."

மருந்துப் புனல் நெருங்கி வந்தது. கூடு ஒரு கணம் தன்னையே வியந்து பார்த்தது. பிறகு தானாகவே உருண்டுபோய்க் கழிவு டப்பாவுக்குள் விழுந்தது.

அடுத்து, வரிசையில் நின்ற இன்னொரு கூடு மெல்லக் கேட்டது:

"அண்ணே, என்னையும் ஒருமுறை பார்க்கிறீர்களா?"