ஏற்றிய கண்ணாடி

"சாரல் அடிக்கையில ஏசி எதுக்கு அண்ணாச்சி? கண்ணாடிய இறக்குனா ஊரே ஏசிதான்!" என்று சிரித்தார் தென்காசி மெக்கானிக் மணிமுத்து.

"புழுக்கத்துல எம் பொண்டாட்டி கண்ணாடிய இறக்கிட்டான்னா எல்லாம் போச்சு. எப்படியாச்சும் சரிபண்ணிருய்யா" என்று நயினார் கெஞ்சினார்.

இரண்டு பட்டறைகள் கைவிரித்த ஏசி கேஸ் கசிவை, மணிமுத்து சோப்பு நுரையைத் தடவிக் கண்டுபிடித்தார்; குழாய் மூட்டில் குமிழி கிளம்பியது. வாஷரை மாற்றிக் கேஸ் நிரப்பினார்.

மகள் வீட்டுக்குக் குற்றாலம் வழியாகத்தான் போயாக வேண்டும். காருக்குள் ஏசி குளிர்ந்தது. வெளிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. பேரருவி நெருங்கியதும், மனைவி சங்கரேஸ்வரி கண்ணாடியை இறக்கினாள்.

"ஏட்டி, ஏத்து! அருவிச் சத்தம் கேக்கும்!" என்று நயினார் பதறினார்.

"கேக்கட்டும். போன வருசம் இங்க வெள்ளம் கொண்டுபோன நம்ம மவன் கடைசியாக் கேட்ட சத்தம் அது."