உதடு அசையாத வசனம்

திரையில் சோப்பு நுரைப் பனி பெய்துகொண்டிருந்தது. இந்தக் கிறிஸ்துமஸ் காதல் படங்களில் நாயகன் பெட்டியோடு கிளம்புவான், பாதி வழியில் திரும்பி வருவான். நாயகிகளுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் ஜெபமலருக்கு வசனத் தாளே தேவைப்படாது. பக்கத்து மைக்கில் நின்ற இன்பராஜ்தான் எப்போதும் நாயகன். நாளை அவன் வேலைக்காகக் கனடா போகிறான். அவனிடம் அவள் இதுவரை எதையும் சொன்னதில்லை.

நாயகி வாசலில் பேசாமல் நின்றாள்.

“போகாதீங்க” என்றாள் ஜெபமலர்.

“ஜெபா, அந்தப் பொண்ணு வாயே தெறக்கலையேம்மா” என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் சிரித்தார்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இருக்கட்டும்ணே, அத அழிச்சிராதீங்க” என்ற இன்பராஜ், ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

பனிக்குள் நாயகன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான், குரலில்லாமல்.