நேர்ந்துவிட்ட முடி

சர்வதேசப் பெண்கள் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்ற சுபலட்சுமி, வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டுத் தொப்பியோடு இறங்கினாள். மாலை போட வந்த அம்மா சாமியம்மாள் அந்தத் தொப்பியைக் கழற்றினாள். மொட்டைத் தலை.

"இன்னாடி இது?"

"எடுத்துட்டேம்மா."

"பதக்கம் வாங்கினா கோயில்ல உனக்கு மொட்டை போடறேன்னு நேர்ந்துக்கினு, மூணு வருஷமா கத்திரி படாம வச்சிருந்தேன். நாளைக்குப் பூசை. சாமி முடிய யாரைக் கேட்டுடி எடுத்தே?"

"கிராப்பு வெட்டச் சொன்ன கோச்சுகிட்ட நீ சண்டைக்குப் போனியே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்குப் பழி தீர்த்துக்கினியா?"

சுபலட்சுமி சிரித்தாள். "எடை பார்த்தப்ப நூத்தி இருபது கிராம் ஜாஸ்திம்மா. அது குறையலன்னா போட்டியே கிடையாது. வேர்க்க வேர்க்க ஓடினேன், எச்சிலைத் துப்பித் துப்பிப் பார்த்தேன், ஒண்ணும் ஆவல. கடைசியில பின்னலை வெட்டி, மெஷின் போட்டு வழிச்சாங்க. எடை சரியா நின்னுச்சு. என்னை மாதிரியே ஜாஸ்தி வந்த இன்னொரு பொண்ணுக்கு ஏற்கெனவே கிராப்பு. எடுக்க ஒண்ணுமில்ல, அழுதுகினே ஊருக்குப் போயிட்டா. நீ நேர்ந்துக்கினதாலதாம்மா நான் மேடை ஏறினேன்."

பையிலிருந்து பின்னலை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். சாமியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சரி, காலையில முதல் பஸ்ஸுக்குக் கோயிலுக்குக் கிளம்பணும்."

"மொட்டை போட இனிமே இன்னா இருக்கு?"

"உன்னுத சாமி ஏற்கெனவே எடுத்துக்கிச்சு. என்னுது இருக்குதே" என்று தன் கொண்டையை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டாள் அம்மா.