மைக் ரிப்பேர்

இதை ஒழுங்காகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். முன்னே பின்னே ஆகிவிட்டால், ஐம்பது வயதில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள்.

அக்கா புருஷனை நானாக நடிக்கச் சொல்லி ஒரு காபிக் கடைக்கு அனுப்பினேன். விஷயம் அதுதான்.

ஸ்டெல்லன் அத்தான் பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் சிரிப்பார்.

"ஏன் பெர்னில்லா, உன்னை மாதிரி நடிக்கணும்னா பாவாடை கட்டிக்கணுமா?"

"வேண்டாம் அத்தான். அவங்களைப் பொறுத்தவரைக்கும் நான் ஆம்பளை."

மகன் ஸ்டாக்ஹோமுக்கு வேலைக்குப் போனபோது அவனுடைய கம்ப்யூட்டரை விட்டுப் போனான். அதில்தான் ஆட ஆரம்பித்தேன். எங்கெங்கோ இருக்கிற நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, பனிமலையில் கோட்டை பிடிக்கும் விளையாட்டு. ஆடிக்கொண்டே மைக்கில் பேசலாம்.

முதல் நாள் ஒரு வீராங்கனையைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்களுக்குக் கழுத்து வரை இரும்புக் கவசம். கொட்டும் பனியில் அவளுக்கு மட்டும் நீச்சல் உடை அளவுக்குத்தான். வரைந்தவனுக்குக் குளிர் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டு, மைக்கில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன்.

"அடுப்புல ஏதோ கருகுது, போய்ப் பாரு கிழவி" என்றது ஒரு குரல்.

மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. அடுத்த வாரம் ஒருவன் என் ஊரின் பெயரைக் கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் எழுதினான். அன்று வாசல் கதவைப் பூட்டிவிட்டு, மறுபடியும் போய் இழுத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் 'கிழக்கரடி'. தாடி வைத்த தடியன் உருவம். யாராவது பேசச் சொன்னால் 'மைக் ரிப்பேர்' என்று எழுதிவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மூன்று பேர் கிடைத்தார்கள். இரும்புத்தாடி எங்கள் கேப்டன். மற்றவர்கள் பனிக்கோடரி, ஒற்றைக்கண். அவர்களும் பேசவில்லை. எங்கள் நாட்டின் வடக்குப் பக்கத்து ஆம்பளைகளாக இருக்கும், அவர்கள் வாயிலிருந்து வார்த்தை வருவது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றி சொல்ல, தோப்புக்கரணம் போடுகிற மாதிரி இரண்டு முறை உட்கார்ந்து எழுவோம். எங்களுக்குள் அதுதான் பாஷை.

அடிபட்டு விழுந்தவர்களை மற்ற அணிகள் அப்படியே விட்டுவிட்டு ஓடும். இரும்புத்தாடி திரும்பி வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளை மடிக்கும்போதெல்லாம் அந்த மனுஷனின் குரல் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். ஒரே ஒரு தடவை, என் குரலில், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்போல இருக்கும்.

லின்ஷோப்பிங் நகரத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுத் திருவிழா வருகிறது, அதற்கு முன் ஒரு காபி குடிக்கலாமா என்று இரும்புத்தாடி எழுதினார். நான் யார் என்று தெரிந்தால் இவர்களும் அடுப்பைப் பற்றித்தானே கேட்பார்கள்? இருக்கிற ஒரே துணையும் போய்விடும். போகாமலும் இருக்க முடியவில்லை.

அதனால்தான் அத்தான். அவர் அவர்களோடு உட்காருவார். பக்கத்து மேஜையில் யாரோ மாதிரி உட்கார்ந்து, நான் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வந்துவிடுவேன். விளையாட்டைப் பற்றி ஏதாவது கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடச் சொன்னேன்.

நான்கு ஆண்களும் வந்தார்கள். கை குலுக்கினார்கள். இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கினார்கள். அத்தான் கரகரத்த குரலில், தொண்டை கட்டியிருப்பதாகச் சொன்னார்.

எதிரே இருந்த வழுக்கைத்தலைக்காரர் முகம் மலர்ந்தது. "எனக்கும்தாங்க."

"எனக்கும்" என்றான் ஒரு நெட்டைப் பையன். நாலாவது ஆள் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு நாலு பேரும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மெதுவாகக் கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பெண், ஆறிப்போன காபியைக் கலக்கியபடி அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒருத்தி பின்னல் ஊசியையும் நூல்கண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னாமல் இருந்தாள். தூணுக்குப் பின்னால் ஒரு பெரியம்மா, கழுத்தை நீட்டியபடி.

நான் எழுந்தேன். ஆண்களின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன்.

"என்னம்மா, முதுகு பிடிச்சிக்கிச்சா?" என்றார் அத்தான்.

ஜன்னலோரத்தவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து அதையே செய்தாள். மூலையில் இருந்தவள் எழுந்தபோது நூல்கண்டு உருண்டு ஓடியது. தூணுக்குப் பின்னாலிருந்த பெரியம்மாவால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதிதான் உட்கார முடிந்தது.

"கிழக்கரடி, நீதானா?" என்றாள். இரும்புத்தாடியின் குரல் இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாங்கள் ஒரே மேஜைக்கு மாறினோம். ஆண்களுக்குத் தொண்டை உடனே சரியாகி, ஐஸ் ஹாக்கி பேச ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் சொந்தப் பெயரில் ஆடலாமா என்று பெரியம்மா கேட்டாள். நாங்கள் மூவரும் நூல்கண்டைத் தேடக் குனிந்தோம்.

இப்போது ஆடும்போது எங்களுக்குள் போனில் வாய் ஓயாமல் பேசிக்கொள்கிறோம். விளையாட்டில் இன்னும் தாடிக்காரர்கள்தான்.

நேற்று எதிரணியில் ஒரு சின்னப் பெண் மைக்கில் வணக்கம் சொன்னாள். அடுப்பில் என்ன கருகுகிறது என்று எவனோ கேட்டான். நான் ஓடிப்போய் அவள் முன்னால் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன்.

"நீங்க யாரு? பேசுங்களேன்" என்றாள்.

மைக் பொத்தானில் விரல் வெகுநேரம் இருந்தது.

பிறகு எழுதினேன்: மைக் ரிப்பேர்.