பெஞ்சுக்கு ஒரு நாய்

"அந்தப் பெருசைத் தூக்கிடு. சாயங்காலத்துக்குள்ள பெஞ்சு காலியாகணும்."

முதலாளி இதைச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"சார், அவர் பாட்டுக்கு ஓரமா உட்கார்ந்திருக்கார். யாருக்கு என்ன தொந்தரவு?"

"குடையை ஊனி, அதுமேல முகவாயை வெச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்காரும்மா. இதைப் பார்த்தா யாரு வீடு வாங்குவா? அவரைத் தூக்கிட்டு நல்ல நாயா ஒண்ணு வை. அப்பதான் வசதியானவங்க இடம்னு தோணும்."

பதற வேண்டாம், கொலையெல்லாம் இல்லை. படம்தான். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடிக் குடியிருப்பை, ஆட்கள் குடிவந்துவிட்ட மாதிரி கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற ஆபீஸ் அது. அவள் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. எல்லோருக்கும் அவள் 'புதுசு'. இந்தப் படம் கட்டடக்காரருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெருசு அவளுடைய அப்பா.

படத்தில் நடமாட விடுகிற ஆட்களைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். "புதுசுக்கு அதெல்லாம் எதுக்கு? தெரிஞ்சவங்க யாரையாவது போட்டோ பிடிச்சு ஒட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டிலோ, கணக்கு வேலையை உதறிவிட்டுப் பொம்மை வீடு போடப் போகிறாளே என்று அப்பா முகம் கொடுத்தே பேசுவதில்லை. எதுவாக இருந்தாலும் அம்மா வழியாகத்தான் வரும். பயந்து பயந்துதான் அவரைப் போட்டோவுக்குக் கேட்டாள். மனுஷன் எழுந்து போய், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் குடையுமாக வந்து நின்றார்!

"குடை எதுக்குப்பா? படத்துல நல்ல வெயிலு."

"வெயிலுக்குத்தாண்டி குடையே."

எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் நேராக அவளிடம் பேசிய பேச்சு அது. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு எடுத்தாள். ஆளை வெட்டிப் பெஞ்சில் உட்கார வைப்பது சுலபமாக முடிந்துவிட்டது. நிழல்தான் பாடாய்ப் படுத்தியது. அதை ஆளோடு ஒட்டாத தனி அடுக்காக வரைந்து, வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நடைபாதையில் நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆள் அந்தரத்தில் தொங்குவார்.

படத்தை வீட்டில் காட்டினபோது அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "அட, நானேதான்!" என்றார். அதோடு விட்டாரா? நேரே சலூன்காரரிடம் போய், "மெயின் ரோட்டுல ஒரு பேனர் வரப்போகுது. அதுல யாருன்னு பாரு" என்று பீற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அந்த அப்பாவை எடுத்துவிட்டு அங்கே ஒரு நாய்!

"என்னம்மா முழிக்கிற? பேனர் அடிக்கிறவன் வாசல்லயே நிக்கிறான்" என்று முதலாளி விரட்டினார்.

கண்ணில் தண்ணீர் முட்டித் திரையே மங்கலாகத் தெரிந்தது. அப்பாவை அழித்தாள். கையில் கிடைத்த நாயை இழுத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். மறுபடி பார்க்க மனசு வராமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

கட்டடக்காரருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டதாம், நாய் பிரமாதமாம். வேலை நிரந்தரம். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூட முடியவில்லை அவளுக்கு. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். "பேனர் எப்பம்மா?" என்று அப்பா ஆசையாகக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா சொன்னாள். "உங்கப்பா சலூன்காரரைக் கூட்டிக்கிட்டு பேனர் பார்க்கப் போயிருக்கார். தலையெல்லாம் வாரிக்கிட்டு, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி!"

போச்சு, எல்லாம் போச்சு. இனி இந்த ஜென்மத்தில் பேச மாட்டார் என்று நினைத்தபடி சுவரோடு ஒண்டி உட்கார்ந்தாள்.

அப்பா வந்தார். செருப்பைக் கழற்றினார். குடையை ஆணியில் மாட்டினார். அவள் எதிரில் வந்து நின்றார்.

"என் இடத்துல நாயை வெச்சிருக்க."

"அப்பா… நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்ப்பா. அவங்க கேட்கல…"

"சலூன்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான். 'இதுல நீ எங்கேய்யா, அந்த நாயா?'ன்னு கேட்டான். என்னால நிமிர முடியல. தலையைக் குனிஞ்சப்பதான் பேனர்ல கீழ்ப்பக்கம் கண்ணுல பட்டுச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "'அட மடையா, எந்த நாயாவது குடையை ஊனி, முகவாயை வெச்சுக்கிட்டு உட்காருமா? நடைபாதையைப் பாருடா'ன்னேன். சிரிப்பை நிறுத்திட்டுக் குனிஞ்சு பார்த்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு அழுகையில் ஆளை மட்டும்தான் அழித்திருக்கிறாள். முதலாளி கவனிக்கவில்லை, கட்டடக்காரர் கவனிக்கவில்லை, வரைந்த அவளே கவனிக்கவில்லை. நாளைக்கே யாராவது கவனித்தால் வேலைக்கு வேட்டு!

அப்பா குனிந்து அவள் தலையில் கை வைத்தார்.

"அவங்களுக்குத் தெரியாம, நிழலை மட்டும் எனக்காக விட்டு வெச்சியாம்மா?"